அண்ணிக்கு வந்த கோடு

விடுதி வேன் வந்துவிட்டது என்று நர்ஸ் வாசலில் நின்று சொன்னபோது, லேபக்கா அன்றைக்கு முதல் வாய் தண்ணீர் குடிக்கப் பாட்டிலைத் திறந்திருந்தாள். மூடியை மறுபடியும் திருகி வைத்துவிட்டுக் கையுறையை மாட்டிக்கொண்டாள்.

"எத்தனை பேர்?"

"வேன் நிறைய. நின்னுக்கிட்டே வந்திருக்காங்க."

அந்தச் சின்ன சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுப்பது, பார்த்துச் சொல்வது, கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவது, மின்சாரம் போனால் விசிறிக்காக யாரையாவது திட்டுவது எல்லாம் அவள் ஒருத்திதான். அவளுடைய பெயர் கதவில் எழுதியிருந்தது, யாரும் படித்ததில்லை. நோயாளிகளுக்கும் நர்ஸுக்கும், ஏன் டாக்டரம்மாவுக்கும்கூட அவள் லேபக்கா. வீட்டில் அண்ணி மட்டும் அதையும் பாதியாக நறுக்கி 'லேபு' என்பாள்.

வந்தவர்கள் தையல் ஆலையில் வேலை செய்யும் பெண்கள். ஆலைக்குப் பின்னாலேயே அவர்களுடைய விடுதி. ஒரு அறையில் தொடங்கிய காய்ச்சல் இப்போது மாடி முழுக்கப் பரவியிருந்தது. விடுதியைக் கவனித்துக்கொள்ளும் வார்டனம்மா சாவிக்கொத்தைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாருக்கும் கார்டு போட்டுருங்க. யாருக்கு இருக்கு, யாருக்கு இல்லன்னு இன்னைக்கே தெரியணும். மேலேருந்து போன் மேல போன்."

டைபாய்டு கார்டு அங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் துண்டு. ஒரு முனையில் ஒரு சொட்டு ரத்தம், அதன்மேல் கொஞ்சம் மருந்துத் திரவம். கால் மணி நேரத்தில் நடுவில் இருக்கும் சின்ன ஜன்னலில் கோடு தெரியும். முதல் கோடு, கார்டு கெட்டுப் போகவில்லை என்பதற்கு. அதற்குக் கீழே இன்னொரு கோடு வந்தால் டைபாய்டாக இருக்கலாம். அந்த 'லாம்' மட்டும் யார் காதிலும் விழுவதில்லை. கார்டு கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமியோடு சண்டை போட உடம்பு தயாரித்த சத்தைத்தான் பார்க்கிறது. காய்ச்சல் புதிதாக இருந்தால் அந்தச் சத்து இன்னும் ஊறியிருக்காது, கோடு வராது. எப்போதோ வந்து போன காய்ச்சலுக்கு அது ரத்தத்தில் மிச்சம் இருக்கும். கோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் ரத்தத்தைப் புட்டியில் விட்டு, கிருமி வளர்கிறதா என்று நாள் கணக்கில் காத்திருந்து பார்க்க வேண்டும். அந்தப் புட்டி பெரியாஸ்பத்திரியிலிருந்து வர வேண்டும். வெயில் காலத்தில் கேட்டது, மழைக் காலம் வந்தும் வரவில்லை.

இதெல்லாம் டாக்டரம்மாவுக்கும் தெரியும். அவளுக்கு வீட்டில் பால்குடிக் குழந்தை. பகலில் நூறு பேரைப் பார்த்துவிட்டு, மத்தியானச் சாப்பாட்டைச் சாயங்காலம் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். கார்டில் கோடு இருந்தால்தான் மருந்து கொடுக்கலாம் என்று சுகாதாரத் துறை மேலிடத்து உத்தரவு வந்த அன்று, அதைப் படித்துவிட்டு நெற்றியை இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். "மருந்து கம்மி. அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிருக்காங்க" என்றாள்.

பெண்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து விரலை நீட்டினார்கள். லேபக்கா குத்தினாள், சொட்டு விட்டாள், பெயரைக் கார்டின் முதுகில் எழுதினாள், மேஜையில் வரிசையாக அடுக்கினாள். குனிந்து குனிந்து கழுத்து விட்டுப்போயிற்று. பலருக்குக் கோடு வந்தது. சிலருக்கு வரவில்லை.

வராதவர்களில் ஒருத்தியை லேபக்கா நன்றாகப் பார்த்தாள். சட்டைகளுக்குப் பொத்தான் துளை போடும் மெஷினில் வேலை என்பதால் மற்றவர்கள் அவளைக் காஜா என்று கூப்பிட்டார்கள். ஒல்லியான பெண், வாய் ஓயாமல் பேசுகிறவளாம். அன்று சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு யார் கேட்டாலும் 'ம்' என்றாள். உதடு வெடித்திருந்தது. விரலைத் தொட்டபோது கையுறையைத் தாண்டிச் சுட்டது.

டாக்டரம்மா அவள் நாக்கை நீட்டச் சொன்னாள், வயிற்றை அழுத்திப் பார்த்தாள். பிறகு லேபக்காவின் பக்கம் திரும்பினாள்.

"கோடு இல்லையாக்கா?"

"இல்லம்மா. ரெண்டு தடவை பாத்துட்டேன்."

"எனக்கென்னமோ இது அதேதான்னு தோணுது." பெண்ணிடம் சொன்னாள்: "ரெண்டு நாள் கழிச்சு மறுபடியும் வந்துடு. கண்டிப்பா வரணும். அதுவரைக்கும் வேலைக்குப் போகாத. படுத்து ரெஸ்ட் எடு."

காஜா தலையாட்டினாள். வார்டனம்மாவும் தலையாட்டினாள். ஆனால் அவள் கண் மேஜையில் இருந்த கார்டுகள் மேல் இருந்தது. கோடு வந்தவர்கள் ஒரு பக்கம், வராதவர்கள் ஒரு பக்கம் என்று மனதுக்குள்ளேயே பிரித்துக்கொண்டிருந்தாள்.

"சமையல்காரம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள். "அவங்களுக்கும் பாத்துடலாம்ல?"

லேபக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. விடுதிச் சமையல் அண்ணியுடையது.

அண்ணி முந்தானையை இடுப்பில் செருகியபடி சிரித்துக்கொண்டே உள்ளே வந்தாள். பெரிய உடம்பு, பெரிய குரல். "என்ன லேபு, வீட்ல குடிச்ச ரத்தம் பத்தலையா, இங்க வேறயா?" என்று கையை நீட்டினாள். வரிசையில் இருந்த பெண்கள் காய்ச்சலோடு சிரித்தார்கள்.

லேபக்கா சிரிக்கவில்லை. போன மழையில் அண்ணி டைபாய்டில் விழுந்து மூன்று வாரம் படுத்திருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி புகட்டியது லேபக்காதான். அந்தக் காய்ச்சலின் மிச்சம் ரத்தத்தில் இருக்கும். கோடு வரும் என்று அவளுக்குக் குத்துவதற்கு முன்பே தெரியும். "இவங்களுக்கு வேணாமே, இப்போ காய்ச்சலே இல்லையே" என்று ஆரம்பித்தாள்.

"காய்ச்சல் இல்லாமலே பரப்புறவங்க இருக்காங்களாமே. ஆலை டாக்டர் சொன்னாரு" என்றாள் வார்டனம்மா. அதுவும் பொய்யில்லை.

கால் மணி நேரம். வார்டனம்மா அந்த ஒரு கார்டின் முன்னாலேயே நின்றாள். ஜன்னலில் முதல் கோடு வந்தது. பிறகு அதற்குக் கீழே, பென்சிலால் லேசாகக் கீறியதுபோல், இன்னொன்று வந்தது.

டாக்டரம்மா எழுந்து வந்து விளக்கினாள். பழைய காய்ச்சல், பழைய கோடு, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, மலத்தைச் சோதித்தால்தான் தெரியும். வார்டனம்மா பொறுமையாகக் கேட்டாள். அவள் கெட்டவள் இல்லை. அவளுக்கும் மேலே ஆள் இருந்தார்கள்.

"எல்லாம் சரிதான் டாக்டர். ஆனா கோடு இருக்குல்ல?"

அன்று மத்தியானமே அண்ணியை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

கணவன் இறந்த பிறகு லேபக்கா அண்ணன் வீட்டின் முன்னறையில்தான் இருந்தாள். சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டான். டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறவன். கையில் இன்னும் கறுப்பு இருந்தது.

"ஊர்ல யாரோ ஒருத்தின்னா சரி. உன் அண்ணிடி அவ! அந்தக் கோட்டைக் கையால மறைச்சுத் தொலைக்க முடியலையா உனக்கு?"

"வார்டனம்மா பக்கத்துலயே நின்னாங்கண்ணே."

"நிக்கலன்னா?"

நிற்காமல் இருந்திருந்தால் மறைத்திருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"விடுங்க" என்றாள் அண்ணி உள்ளிருந்து. "அவ வேலைய அவ பாத்தா. இதுல கத்தி என்ன ஆகப் போகுது?"

கத்தியிருந்தால் லேபக்காவுக்குத் தேவலை. அண்ணி கத்தவில்லை. சோற்றையும் குழம்பையும் கொண்டுவந்து தரையில் வைத்தாள். எப்போதும் போல் தட்டில் போட வந்த கை பாதி வழியில் நின்றது. கரண்டியை லேபக்காவின் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீயே போட்டுக்க."

"அண்ணி..."

"நான் தொட்டா ஆகாதாமே. வேன்ல திரும்பும்போது ஒரு பொண்ணு என் பக்கத்துல உக்காரல. நேத்து வரைக்கும் என் கையால வாங்கித் தின்ன பொண்ணு." அவள் குரல் தடுமாறவில்லை. எரிச்சல்கூட இல்லை. சலித்துப்போன குரல். "பக்கத்து வீட்டுக்காரி தண்ணி கேட்டு வந்தவ, நான் குடத்தைத் தூக்கவும், வேணாம் வேணாம், அப்புறம் வரேன்னு போயிட்டா. அதுக்குள்ள எப்படித்தான் தெரிஞ்சுதோ."

லேபக்கா கரண்டியை எடுத்து அண்ணியின் கையில் திணித்தாள். அண்ணி வாங்கவில்லை. கரண்டி தரையில் விழுந்தது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. கடைசியில் அண்ணன்தான் எடுத்துக் கழுவி வைத்தான்.

காஜா இரண்டு நாள் கழித்து வரவில்லை. டாக்டரம்மா விடுதிக்குப் போன் போட்டாள். "அவளா? அவளுக்கு ஒண்ணுமில்லையே, கார்டுல இல்லன்னு வந்ததே. ஷிப்டுக்குப் போயிருக்கா" என்றார்கள். கண்டிப்பாக அனுப்பச் சொல்லிவிட்டு டாக்டரம்மா போனை வைத்தாள். அடுத்த வாரம் வாந்திபேதி வந்த குழந்தைகள், பாம்பு கடித்த ஒருவர், பிரசவ வலியில் ஒருத்தி என்று ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். கோடு வந்த பெண்களுக்கு மருந்து போய்க் காய்ச்சல் விட்டது. வராதவளை நினைக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஒரு காலையில் இரண்டு பெண்கள் அவளை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். வயிறு பலகையாக இறுகியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. டாக்டரம்மா ஒருமுறைதான் தொட்டாள்.

"குடல் ஓட்டையாயிருக்கு. பெரியாஸ்பத்திரிக்கு உடனே அனுப்பணும். யாராவது கூடப் போங்க."

நர்ஸ் ஒருத்திதான், அவள் பிரசவ அறையை விட்டு நகர முடியாது. லேபக்கா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏறினாள்.

வண்டி குண்டும் குழியுமான ரோட்டில் தூக்கித் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு குழிக்கும் காஜா பல்லைக் கடித்துக்கொண்டாள். லேபக்கா அவள் தலையைத் தன் மடியில் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா. எனக்குத்தான் கோடு வரலையே."

"பேசாதம்மா."

"சூப்பர்வைசர்கிட்ட முடியல, முடியலன்னு சொன்னேன். கார்டுல ஒண்ணும் இல்லையே, சும்மா நடிக்காதன்னுட்டார். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நடிக்கிறேனோன்னு."

"கார்டுக்கு எல்லாம் தெரியாதும்மா."

காஜா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். "அப்ப எதுக்குக்கா அதைப் போடுறீங்க?"

"வேற ஒண்ணும் இல்ல, அதான்" என்றாள் லேபக்கா. நன்றாக யோசித்திருந்தாலும் வேறு பதில் கிடைத்திருக்காது.

கொஞ்ச தூரம் போனதும் காஜா மறுபடி பேசினாள். "உங்க அண்ணி இருந்திருந்தா கஞ்சி வச்சுக் குடுத்திருப்பாங்க. புதுசா வந்த அம்மா, பொதுச் சாப்பாடுதான் எல்லாருக்கும்னு சொல்லிட்டாங்க. எனக்கு அது இறங்கவே இல்ல."

அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. லேபக்கா வராந்தாவில், காலுடைந்த நாற்காலியில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். காஜாவின் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னது அவள்தான். போனில் அந்த அம்மாள், "அவளுக்கு ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மருத்துவர் வெளியே வந்து, உயிருக்குப் பயமில்லை, இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார். லேபக்கா காஜாவின் அம்மாவுக்கு மறுபடி போன் போட்டு அதைச் சொன்னாள்.

பிறகு கீழே இருந்த ஆய்வகத்துக்குப் போனாள். தடித்த கண்ணாடி போட்ட ஒருவர் தனியாக உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். யாரென்று சொன்னதும், "அங்கேருந்தா? நீங்க சாம்பிள் அனுப்பியே நாளாச்சே" என்றார்.

"புட்டி வரலை சார்."

"எங்களுக்கும்தான் வரலை. கார்டு வந்த பிறகு இது எதுக்குன்னு நினைச்சுட்டாங்க." எழுந்து போய் அலமாரியைக் குடைந்து கொஞ்சம் ரத்தப் புட்டிகளும், மலம் எடுக்கும் மூடிபோட்ட டப்பாக்கள் மூன்றும் கொண்டுவந்து வைத்தார். "இருக்கிறது இவ்வளவுதான். யாருக்கு?"

"சமையல் பண்றவங்களுக்கு சார். பரப்புறாங்களான்னு பாக்கணும்." அப்புறம் சேர்த்துச் சொன்னாள்: "என் அண்ணி."

அவர் பேனாவை மூடினார். "மூணு தடவை, வேற வேற நாள்ல. தாமதிக்காம கொண்டு வாங்க. நானே பாக்குறேன்."

வீட்டில் அந்த டப்பாவைப் பார்த்ததும் அண்ணி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் கையில் வாங்கி, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடினாள்.

"இந்த வயசுல இதையும் ஒருத்தி கையில குடுக்கணும்னு எனக்கு எழுதியிருக்கு. ஏன் லேபு, இதுல கரண்டி வேற வச்சிருக்காங்களே?"

"அது... எடுக்கிறதுக்கு அண்ணி."

"தெரியுது. சமையக்காரிக்குக் கரண்டி பிடிக்கச் சொல்லியா தரணும்?"

உள்ளேயிருந்து அண்ணன் சிரித்துவிட்டான். அண்ணிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்காமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். லேபக்கா பக்கத்தில் போய் நின்றாள். அண்ணி அவள் தோளில் ஒரு அடி வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

மூன்று தடவையும் காலை பஸ்ஸில் லேபக்காதான் கொண்டுபோனாள். போய்விட்டு வேலைக்குத் திரும்புவதற்குள் அவளுடைய அறை வாசலில் கூட்டம் நிற்கும். ஒருநாள் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் அவள் நின்றபோது, உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள், "பையைக் குடும்மா, மடியில வச்சுக்கிறேன், சாப்பாடு சிந்திடப் போகுது" என்று கை நீட்டினாள்.

"வேணாம்மா, இது உடையுற சாமான்" என்று லேபக்கா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

இதற்கு நடுவில் டாக்டரம்மா ஒரு மத்தியானம் சாப்பாட்டை விட்டுவிட்டு விடுதிக்குக் கிளம்பினாள். லேபக்காவையும் கூப்பிட்டாள். வார்டனம்மா முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தாள். தண்ணீர்த் தொட்டி கட்டடத்தின் பின்பக்கம், கழிப்பறைகளை ஒட்டித் தரைமட்டத்தில் இருந்தது. மேல்மூடி வெடித்திருந்தது. கழிப்பறைக் குழாய் தொட்டியின் சுவரை உரசிக்கொண்டு போனது. இணைப்பில் சுற்றியிருந்த சாக்குத்துணி நனைந்து கறுத்துப் போயிருந்தது. மழை வந்ததிலிருந்து அங்கே தண்ணீர் தேங்கித்தான் கிடக்கிறதாம். டாக்டரம்மா குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். லேபக்கா ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டாள்.

"இது சமையல் ரூமுக்கும் போகுதா?" என்று லேபக்கா கேட்டாள்.

"எல்லாத்துக்கும் இதுதான்" என்றாள் வார்டனம்மா. அவள் முகம் செத்துப்போயிருந்தது. தொட்டியைப் பார்த்தபடியே, "நானும் இதைத்தான் குடிக்கிறேன்" என்றாள்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து முடிவு வந்தது. அண்ணியின் மூன்று டப்பாவிலும் கிருமி எதுவும் வளரவில்லை. அங்கே எடுத்த காஜாவின் ரத்தத்தில் வளர்ந்திருந்தது. தொட்டித் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது. லேபக்கா முடிவைப் படித்துவிட்டு உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தோன்றியது. தூக்கம்தான் வந்தது.

விடுதியில் புதுச் சமையல்காரி போய்விட்டிருந்தாள். அத்தனை பேருக்குச் சமைக்க அவளால் முடியவில்லை. அண்ணியைத் திரும்ப அனுப்பலாமா என்று டாக்டரம்மா கேட்டபோது, வார்டனம்மா நேரிலேயே வந்துவிட்டாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"டாக்டர், எனக்குப் புரியுது. மேல இருக்கிறவங்களுக்குப் புரியாது. வளரலைன்னா என்ன அர்த்தம்னு என்னைக் கேக்குறாங்க. நான் என்னத்தச் சொல்ல? புதுசா ஒரு கார்டு போட்டு, கோடு இல்லாம ஒரு போட்டோ அனுப்பச் சொல்றாங்க. அது போதுமாம்."

"கோடு போக இன்னும் எவ்வளவோ நாளாகும். வருஷம்கூட ஆகலாம்."

"அப்ப எனக்கு வேற வழி தெரியல" என்றாள் வார்டனம்மா. அவளும் தூங்கிப் பல நாள் ஆனவள்போல்தான் தெரிந்தாள்.

அவள் போனபின் நர்ஸ் லேபக்காவின் காதருகே வந்தாள். "ஏன்க்கா, கார்டுல யார் ரத்தம்னு போட்டோல தெரியவா போகுது? என் விரலைக் குத்திக்கோங்க."

லேபக்காவுக்கு அது முன்பே தோன்றியிருந்தது. அவளுக்கே டைபாய்டு வந்ததில்லை. அவள் ரத்தத்தையே விட்டால் ஒரே ஒரு கோடுதான் வரும். அன்று சாயங்காலம் ஒரு கார்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். லேபக்கா எதிரில் உட்கார்ந்து கார்டை எடுத்து வைத்து விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணி கார்டைத் தொடவில்லை. "எனக்குப் பதிலா உன் ரத்தமா?"

"ஒரு போட்டோதான் அண்ணி. யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்ல. உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு நிஜமாவே தெரிஞ்சு போச்சு. அது அவங்களுக்குப் புரியுற மாதிரி..."

"வேணாம்."

"அண்ணி..."

"எனக்கு ஒண்ணுமில்லன்னு நீயே சொல்ற. அப்புறம் எதுக்கு இன்னொருத்தி ரத்தத்தைக் காட்டணும்? காட்டுனா, சீக்கு இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்." மடித்த துணியை மறுபடி உதறினாள். "என் கையில கோடு இருக்குன்னு பாக்குறாங்க. இருந்துட்டுப் போகட்டும். அது காய்ச்சல் வந்து பிழைச்சதுக்குத்தானே? பிழைச்சது தப்பா?"

லேபக்கா கார்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மறுநாள் அதைப் பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னாள். டாக்டரம்மா கேட்டு முடித்துவிட்டு, போனை எடுத்து வார்டனம்மாவைக் கூப்பிட்டாள்.

"எங்க மேலிடத்துக்கு நான் எழுதுறேன். தொட்டியப் பத்தி எழுதியாச்சு. அந்தப் பொண்ணு குடல் ஓட்டையானது பத்தி எழுதியாச்சு. சமையக்காரம்மாவுக்கு ஒண்ணுமில்லன்னும் எழுதியாச்சு. எல்லாம் ஒரே கவர்ல போகும். அதுல ஒண்ண மட்டும் பிரிச்சு எடுக்க எனக்குத் தெரியாது. உங்க ஆலைக்காரங்க என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

குரலை உயர்த்தவில்லை. பேசி முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மத்தியானத்துக்குள் பதில் வந்தது. தொட்டியைக் காலி பண்ணிக் கழுவுகிறார்கள், குழாயை வேறு பக்கம் திருப்பப் போகிறார்கள், அதுவரைக்கும் லாரித் தண்ணீர், அதையும் கொதிக்க வைத்துத்தான் தர வேண்டும். சமையல்காரம்மா நாளையிலிருந்து வரலாம்.

காஜா விடுதிக்குத் திரும்பவில்லை. அவள் அம்மா வந்து, நேராக ஆஸ்பத்திரியிலிருந்தே ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். வழியனுப்பப் போயிருந்த லேபக்காவைப் பார்க்காமலேயே அந்த அம்மாள் வண்டியில் ஏறினாள். காஜா மட்டும் வண்டியிலிருந்து கையை உயர்த்தினாள்.

அண்ணி திரும்பப் போன அன்று லேபக்கா அரை நாள் லீவு போட்டாள். "நீ எதுக்கு? நான் என்ன முதல் நாள் பள்ளிக்கூடமா போறேன்?" என்று அண்ணி கேட்டாள். ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சமையலறை அழுக்கேறிக் கிடந்தது. அண்ணி எதையும் தொடுவதற்கு முன்னால் பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். அது தளதளவென்று கொதித்து அடங்கும்வரை அடுப்படியிலேயே நின்றாள். சோப்புப் போட்டுக் கை கழுவினாள். கழுவிய கையைப் பார்த்துவிட்டு மறுபடி கழுவினாள். முன்பு இப்படி இரண்டு தடவை கழுவுகிறவள் இல்லை. லேபக்கா காய் நறுக்கிக் கொடுத்தாள். சரியாக நறுக்கத் தெரியவில்லை என்று திட்டு வாங்கினாள்.

ஷிப்டு விட்டுப் பெண்கள் வந்தார்கள். தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வழக்கமாக அங்கே சத்தம் தாங்காதாம். அன்று தட்டுச் சத்தம்தான் கேட்டது. அண்ணி கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் நின்ற பெண் தட்டை நீட்டவில்லை. அண்ணியைப் பார்க்கவும் இல்லை. பக்கத்தில் நின்ற லேபக்காவைப் பார்த்தாள். ரத்தம் எடுத்தவள் என்று அடையாளம் தெரிந்திருக்கும்.

"சாப்பிடலாமாக்கா?"

"சாப்பிடலாம்."

"நிஜமாவா?"

"என் வீட்ல தினமும் இந்தக் கைதான் சமைக்குது."

அந்தப் பெண் தட்டை நீட்டினாள். அண்ணி போட்டாள். கை சற்று அதிகமாகவே அள்ளிவிட்டது. "போதும், போதும்" என்றாள் அந்தப் பெண். பின்னால் நின்றவர்களில் சிலர் தட்டை நீட்டினார்கள். சிலர் தட்டைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, கடைக்குப் போய் ரொட்டி வாங்கிக்கொள்கிறோம் என்று வெளியே போனார்கள். போனவர்களை அண்ணி பார்க்கவில்லை. வந்தவர்களுக்கு வரிசையாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். வார்டனம்மா கடைசியாக வந்து, தன் தட்டையும் நீட்டினாள். அண்ணி அதிலும் ஒரு கரண்டி போட்டாள்.

லேபக்கா சுகாதார நிலையத்துக்குத் திரும்பியபோது டாக்டரம்மா நின்றுகொண்டே தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா ஆச்சு? சாப்பிட்டாங்களா?"

"பாதிப் பேர் சாப்பிட்டாங்கம்மா."

டாக்டரம்மா மென்றுகொண்டே யோசித்தாள்.

"பாதிப் பேரா? பரவாயில்லையே" என்றாள். பிறகு அடுத்த நோயாளியை உள்ளே அனுப்பச் சொன்னாள்.